ஆவி பறக்கும் தேநீர்

தலைவரின் மேசைமேல் தேநீர்க் குவளையில் ஆவி பறந்துகொண்டிருந்தது. நாற்காலி முதுகில் சாம்பல் நிறப் பஞ்சுக் கோட்டு. ஆள் தூரமாகப் போயிருக்க முடியாது என்று கதவுக் கண்ணாடி வழியே பார்த்துத் தீர்மானித்தாள் குவான் ஷூசின். காலையிலிருந்து இதையேதான் தீர்மானித்துக்கொண்டிருந்தாள்.

"பியான் அண்ணே, தலைவர் எங்க?"

வெந்நீர்க் குடுவையோடு போன அலுவலக உதவியாளர், கிழவர் பியான், நிற்கவில்லை. "இப்பத்தான் வெளியே போனாங்க, தலைவரம்மா."

அவளைத் தலைவரம்மா என்றதில் தப்பில்லை. ஹார்பினுக்கு வடக்கே எங்கள் பக்கம் பதவி போனாலும் பட்டம் போகாது. கொதிகலன் ஆலையில் வெல்டிங் செய்து, போட்ட துணியெல்லாம் பொறி பட்டுப் பொத்தலாகி, பிறகு இந்தக் கொதிகலன் சோதனை அலுவலகத்துக்கே தலைவராக வந்தவள் ஷூசின். ஒரு ஜூலை வெயிலில், சொல்லாமல் கொள்ளாமல், கடலில் குதித்தாள். அரசாங்க வேலையை உதறிவிட்டு வியாபாரத்தில் இறங்குவதை அப்படித்தான் சொல்வோம். ஆறு வருஷமாகத் தெற்கே தாலியன் நகரத்தில் சொந்தக் கொதிகலன் கம்பெனி.

பழைய ஊரில் இதுதான் முதல் ஆர்டர், ஆஸ்பத்திரிக்கு. நாளை ஊரெங்கும் குளிர்காலத்துக்குக் கட்டடங்களைச் சூடேற்ற ஆரம்பிக்கும் நாள். சோதனைச் சான்றில் தலைவர் முத்திரை விழாமல் கொதிகலனைப் பற்றவைத்தால் அவளுக்கு ஜெயில். பற்றவைக்காவிட்டால் பிரசவ வார்டில் பச்சைக் குழந்தைகள் விறைக்கும்.

மதியம் ஆயிற்று. அவள் கொறித்துத் துப்பிய சூரியகாந்தி விதைத் தோல் பெஞ்சுக்கடியில் சிறு குன்றாகியிருந்தது. நடைவழிக் குளிரில் அவள் மூச்சு புகைந்தது. உள்ளே தேநீரும் புகைந்தது.

"அண்ணே, காலைலயும் இப்பத்தான் போனாங்கன்னீங்க."

"காலைலயும் இப்பத்தான், தலைவரம்மா."

"இந்தக் குளிர்ல கோட்டு இல்லாமயா போனாரு அந்த ஆளு?"

"தலைவர் கொஞ்சம் சூடான ஆளு."

"நான் இருந்தப்ப இந்தக் கூத்தெல்லாம் நடந்துச்சா இங்க?"

பியானுக்கு இருமல் வந்தது. நெடுநேரம் இருமினார்.

அலுவலகம் மூடும் நேரம் நெருங்கியது. ஷூசின் எழுந்து கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனாள். காலி நாற்காலி. கோட்டைப் பிடுங்கி எடுத்தாள்.

"பாருங்க, கை ஓரத்துல பொத்தல். சிகரெட்டால சுட்டு வெச்சிருக்கான். கோட்டையே ஒழுங்கா வெச்சுக்கத் தெரியாதவன் ஊர்க் கொதிகலனைச் சோதிக்கிறானாம்." சொல்லிவிட்டு அதை மாட்டிக்கொண்டாள். "எனக்குக் குளிருது. வேணும்னா அவனே வந்து கேட்டு வாங்கிக்கட்டும்."

தோள், கை, இடுப்பு எல்லாம் அளவெடுத்துத் தைத்ததுபோல உட்கார்ந்தன. கோபத்தில் அவள் அதைக் கவனிக்கவில்லை.

"யாருண்ணே அந்த மகராசன்? பேரையாவது சொல்லித் தொலைங்க."

பியான் ஆறிய தேநீரைக் கொட்டிவிட்டு வெந்நீர் ஊற்றினார். மூடியைச் சாய்த்து, ஆவி தெரிகிற மாதிரி வைத்தார்.

"டீ ஆறக் கூடாது, கோட்டை எடுக்கக் கூடாது, யார் கேட்டாலும் இப்பத்தான் வெளியே போனாங்கன்னு சொல்லணும். அது உத்தரவு. இதுவரைக்கும் யாரும் மாத்தல. மாகாணத்துலேருந்து வருஷா வருஷம் வந்து எட்டிப் பார்ப்பாங்க. கோட்டு இருக்கும், ஆவி பறக்கும். ஆள் இருக்குன்னு நெனச்சுட்டுப் போயிடுவாங்க. அதனால இந்த நாற்காலிக்குப் புதுசா யாரையும் போடல."

"எந்த மடையன் போட்ட உத்தரவு அது?"

பியான் குடுவையைத் தக்கையால் அழுத்தி மூடினார்.

"முத்திரை வலது பையில இருக்கு, தலைவரம்மா. நீங்க வெச்ச எடத்துலயே."