பனி ஆணி

கேப்டனுடைய செவலைக் குதிரை மட்டும் வழுக்கவில்லை.

பின்வாங்கும் படையில் முன்னால் போன குதிரைகள் எல்லாம் சரிவில் விழுந்து கிடந்தன. எழுந்திருக்கப் பார்த்து மறுபடியும் விழுந்தன. ஆற்றங்கரை வரைக்கும் உறைந்த பனி.

செவலை ஒவ்வொரு காலாக ஊன்றி இறங்கிக் கரையில் போய் நின்றது.

அவர் இறங்கி அதன் முன்னங்காலைத் தூக்கிப் பார்த்தார்.

லாடத்தில் கூர்த்தலை வைத்த நான்கு ஆணிகள். பனியைக் குத்திப் பிடிக்கிற ஆணிகள்.

அவர் அடிக்கச் சொல்லவில்லை. வேண்டாம் என்றுதான் சொல்லியிருந்தார்.

இரண்டு மாதத்துக்கு முன்னால், படை மாஸ்கோவைப் பிடித்திருந்தபோது, நல்ல வெயில். படையில் லாடம் அடிக்கிற கஸ்பார் வந்து நின்றான். மலைநாட்டுக்காரன், பனியிலேயே வளர்ந்தவன். எல்லாக் குதிரைக்கும் பனி ஆணி அடிக்க இரும்பு வேண்டும் என்றான்.

அவர் சிரித்தார். பனி விழுவதற்குள் பாரிஸ் போய்விடுவோம், போய் வேலையைப் பார் என்று விரட்டினார். கூட இருந்த அதிகாரிகளும் சிரித்தார்கள். அவர்களில் பாதிப்பேர் இப்போது இல்லை.

படையில் குதிரைக்குப் புல் போடச் சேர்ந்தவர் அவர். பதினைந்து வருடத்தில் கேப்டன் ஆனார். நான்கு போர்கள், இரண்டு காயங்கள், ஒரு பதக்கம். மூன்று குதிரைகள் அவரைச் சுமந்தபடியே செத்தன. ஒவ்வொரு தடவை பிழைத்தபோதும் தன் கெட்டிக்காரத்தனம் என்றே நினைத்துக்கொண்டார். எத்தனை பேர் எத்தனை ஆணி அடித்து வைத்தார்களோ, யாருக்குத் தெரியும்?

எதிரில் மரப்பாலம். அதிகாரிகள் மட்டும் முதலில் கடக்கலாம் என்று உத்தரவு. மற்றவர்கள் கரையில் குவிந்து நின்றார்கள். எதிரி பின்னாலேயே வந்துகொண்டிருந்தான். அவன் கடக்க முடியாதபடி சாயங்காலத்துக்குள் தங்கள் படையே பாலத்தைக் கொளுத்திவிடும்.

அவர் செவலையைத் திருப்பிக்கொண்டு சரிவில் ஏறினார்.

கஸ்பார் பாதிச் சரிவில் உட்கார்ந்திருந்தான். பக்கத்தில் அவனுடைய குதிரை கால் முறிந்து கிடந்தது. அதன் லாடங்கள் மொட்டையாகத் தேய்ந்திருந்தன. அவன் காலில் சாக்குத் துணி சுற்றியிருந்தது. விரல்கள் கறுத்துப் போயிருந்தன.

“ஏன்டா எங்கிட்ட சொல்லல?”

“சொன்னா கழட்டச் சொல்லியிருப்பீங்க, கேப்டன்.”

“உன் குதிரைக்கு?”

“கெடச்ச இரும்பு ஒரு குதிரைக்குத்தான் வந்துச்சு.”

பெற்ற தாய்க்குப் பிறகு இவன்தான் என்று அவருக்குத் தோன்றியது. அதைச் சொல்ல வெட்கமாக இருந்தது. குனிந்து அவன் காலில் சாக்குத் துணியை இறுக்கிக் கட்டினார்.

பிறகு தன் நீலக் கோட்டைக் கழற்றினார். தோள்பட்டையில் தங்கக் குஞ்சம் தொங்கும் கோட்டு. அவனுக்கு மாட்டிவிட்டுப் பித்தான்களை ஒவ்வொன்றாகப் போட்டார். தன் தொப்பியையும் வைத்தார். அவன் ஏதோ முனகினான். தடுக்கக் கையில் தெம்பில்லை.

சேணத்தில் ஏற்றி உட்காரவைத்தார். கடிவாளத்தைப் பிடித்து முன்னால் நடந்தார். குளிர் சட்டைக்குள் புகுந்தது. ஆனாலும் இத்தனை வருடத்தில் இப்படி மனம் நிறைந்து அவர் நடந்ததில்லை.

பாலத்தடியில் காவலன் தங்கக் குஞ்சத்தைப் பார்த்து விறைப்பாக நின்றான். வணக்கம் வைத்தான்.

“கேப்டன் போகலாம்.”

செவலை பலகையில் கால் வைத்தது. அவர் அதன் முதுகில் ஒரு தட்டுத் தட்டிக் கடிவாளத்தை விட்டார். அது நேராக நடந்து போயிற்று.

காவலன் துப்பாக்கியைக் குறுக்கே நீட்டினான்.

“நீ யாருய்யா?”

“லாடம் அடிக்கிறவன்,” என்றார்.