முனவ்வறாவின் கலியாண வரைபடம்

"இந்த வட்டத்துக்குள்ளதான் கள்ளன் ஒளிச்சிரிக்கான்!"

ஜெமீல் பென்சிலால் மேசையில் தட்டினான். மேசை முழுக்க ஒரு பெரிய கடதாசி. அதில் சதுரங்கள், வட்டங்கள், அவற்றை இணைத்து ஓடும் அம்புக்குறிகள். தேத்தண்ணிக் கோப்பையை வைக்க இடமில்லாமல் அவன் தங்கை முனவ்வறா கையிலேயே பிடித்துக்கொண்டு நின்றாள்.

"என்ன காக்கா களவு போன?"

"ஒன்ட கலியாணம்."

அவளுக்கு வந்த நாலாவது சம்பந்தமும் நேற்றுத்தான் கைநழுவியது. வந்தார்கள், பார்த்தார்கள், பிடித்திருக்கிறது என்றார்கள். பிறகு 'வாணாம்' என்று தரகரிடம் சொல்லி அனுப்பிவிட்டார்கள். ஏன் என்றுதான் யாரும் சொல்லவில்லை. வாப்பா மௌத்தாகிக் கண்ணை மூடியதிலிருந்து, தங்கைக்கு ஒரு வழி பண்ணாமல் தனக்குக் கலியாணமே கிடையாது என்று பிடிவாதமாக இருப்பவன் ஜெமீல். பாவம், இரவில் தூக்கமில்லை அவனுக்கு.

போன வருடம் அலுவலகம் அவனைக் கொழும்புக்கு அனுப்பி, கொம்பியூட்டருக்கு வேலையைப் பிரித்துக் கொடுக்கும் முறைமைப் பகுப்பாய்வு படிக்க வைத்தது. கல்முனை அலுவலகத்துக்கு வரவேண்டிய கொம்பியூட்டர் இன்னும் வந்து சேரவில்லை. அதற்காகப் படித்த படிப்பு சும்மா இருக்குமா? மீன் வாங்குவதற்கும் சோறாக்குவதற்கும் தரவுப் பாய்ச்சல் வரைபடம் கீறிக் குசினிச் சுவரில் ஒட்டிவிட்டான். உம்மா றுகையா அதைப் பார்க்காமலே சமைக்கப் பழகிக்கொண்டாள்.

"இஞ்ச பாரு," என்றான். "சதுரம் எண்டா வெளி ஆக்கள். இது மாப்பிள்ளை வீடு, இது நம்மட வீடு. வட்டம் எண்டா வேல நடக்கிற இடம். அது தரகர் கச்சிமுகம்மது மாமா. அம்பு, தகவல் ஓடுற பாதை."

"இந்த ரெண்டு கோடு?"

"தகவல் சேத்து வெக்கிற இடம். அது தானாக் கதைக்காது. ஆராவது போய்க் கேட்டு எடுத்தாத்தான் உண்டு."

"அப்ப அது உம்மாதான்," என்றாள் முனவ்வறா. குசினிக்குள் இருமல் சத்தம் கேட்டது.

"பகிடிய உடு. மாமாட வட்டத்துக்குள்ள என்ன போகுது? பொண்ணு நல்லம், படிப்பு நல்லம், வீடு புது வீடு. வெளிய என்ன வருகுது? 'வாணாம்'! உள்ள போகாத ஒண்டு வெளிய வரேலா. அரிசியப் போட்டு இடிச்சா மிளகாத்தூள் வருமா?"

"வராது."

"அப்ப ஆரோ மிளகாயப் போடுறான். நான் கீறாத அம்பு ஒண்டு இரிக்கி."

முனவ்வறா கோப்பையைப் பார்த்தபடி மெல்லச் சொன்னாள்: "நாலாவதா வந்த ஷரிபுதீன எனக்குப் புடிச்சிரிந்திச்சி காக்கா."

ஜெமீல் படத்திலிருந்து தலையை நிமிர்த்தினான். இதுவரை அவள் ஒருவரைப் பற்றியும் வாய் திறந்ததில்லை.

"அந்தக் கள்ளன இண்டைக்கே புடிக்கிறன்!"

"புடிச்சா என்ன செய்வீங்க?"

"இந்த வீட்டுப் படத்துலேரிந்தே அழிச்சிருவன். பொறகு அவன் இஞ்ச இரிக்கேலா."

"ஆராயிருந்தாலும்?"

"ஆராயிருந்தாலும்தான். வல்லாஹி!"

"உம்மா, கேட்டீங்களா?" என்று அவள் குசினிப் பக்கம் திரும்பிச் சத்தம் போட்டாள். "கேட்டன் மகள்," என்று உடனே பதில் வந்தது.

சொல்லிவைத்தாற்போல வாசலில் குடையைச் சாத்திவிட்டுக் கச்சிமுகம்மது உள்ளே வந்தார். ஜெமீல் அவரைப் பிடித்துக் கதிரையில் இருத்தினான்.

"மாமா, இந்த வட்டம் நீங்கதான்."

"நானா? இவ்வளவு குண்டாவா தம்பி இரிக்கன்?"

"எங்களப் பத்தி அங்க என்ன சொன்னீங்க?"

"நல்லதத் தவிர வேற சொன்னா என்ட நாக்கு அழுகிப் போகும்."

"அப்ப ஷரிபுதீன் ஏன் வாணாம் எண்ட? ஆர் என்ன சொன்ன?"

தரகர், குசினி வாசலுக்கு வந்து நின்ற றுகையாவைப் பார்த்தார். அவள் முகட்டைப் பார்த்தாள். முனவ்வறா முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு கதவுக்குப் பின்னால் போய்விட்டாள்.

"சொன்னாக் கோவிக்க மாட்டீங்களே?"

"பேரச் சொல்லுங்க மாமா!"

கச்சிமுகம்மது பென்சிலை வாங்கினார். படத்தின் நட்ட நடுவில் பெரிய சதுரம் ஒன்று கீறினார். அதற்குள் ஆற அமர எழுதினார்: ஜெமீல்.

"என்ன மாமா இது?"

"பொண்ணப் புடிச்சிரிக்கி, வீட்டப் புடிச்சிரிக்கி. ஆனா வந்த ஒவ்வொரு மாப்பிள்ளையயும் புடிச்சி வெச்சி, ராத்திரி இஷாவுக்குப் பாங்கு சொல்லுமட்டும் வட்டம் கீறிக் காட்டினா? நம்மட ஊருல மாப்பிள்ளைதானே வந்து பொண்ணு வீட்ட காலமெல்லாம் இரிக்கணும்! 'பொண்ணோட இரிக்கலாம், அந்த மச்சானோட ஒரு வீட்ட இரிக்கேலா' எண்டு நாலு பேரும் ஒரே கதையத்தான் சொன்னாங்க."

ஜெமீல் அந்தச் சதுரத்திலிருந்து மாப்பிள்ளை வீட்டுக்கு விரலால் ஒரு அம்பு கீறிப் பார்த்தான். அவன் கீறாமல் விட்ட அம்பு அதுதான்.

"அல்லாஹ்வே... நானா அவள்ட வாழ்க்கையக் கெடுத்த? இனி என்ன மாமா செய்யிற?"

கதவுக்குப் பின்னால் சிரிப்பை அடக்கும் சத்தம் கேட்டது.

"கள்ளன் இஞ்ச இரிக்கேலா, வல்லாஹி எண்டு நீங்க சத்தியம் பண்ணின சத்தம் றோட்டுமட்டும் கேட்டிச்சி தம்பி," என்று தரகர் கதிரையை அருகே இழுத்துப் போட்டார். "உம்மாவும் தங்கச்சியும் இண்டைக்கு என்னைய வரச் சொன்னதே உங்கட கலியாணம் பேசத்தான். மருதமுனையில நல்ல பொண்ணு. நீங்க அந்த வீட்டுக்கு மாப்பிள்ளையாப் போற அண்டைக்கே, ஷரிபுதீன் பெட்டியோட இஞ்ச வாறாராம்!"