காகிதத்தில் எலித்தடம்

ஒரு தீவு. பேர் முக்கியமில்லை. எப்போதும் மூடுபனிக்குள் மிதக்கிற மாதிரி இருக்கும். அங்கே மணலில் முட்டையிடும் ஆலாப் பறவைக்கு ஒரே ஒரு முட்டைதான் மிச்சம். மற்ற இரண்டையும் தின்றது கப்பலில் வந்து இறங்கிய எலி.

அன்று எலி முட்டைக்காக வரவில்லை. காலெல்லாம் கறுப்பு மையோடு, பெருமையடிக்க வந்தது.

"ஆலாக்கா, ஆராய்ச்சிக்காரங்க ஒரு குழாய் வெச்சிருக்காங்க. நடுவுல கருவாடும் மையும், ரெண்டு பக்கமும் வெள்ளைக் காகிதம். நான் நடந்த காகிதத்தைப் பத்திரமா எடுத்துட்டுப் போறாங்க. என் கால் அவ்வளவு அழகு!"

ஆலாவுக்கு விஷயம் தெரியும். பக்கத்துத் தீவிலும் முதலில் இப்படித்தான் தடத்தை எண்ணினார்கள். தடம் நிறைய விழுந்த இடத்தில்தான் பிறகு விஷம் வைத்தார்கள். சொல்லிவிடலாமா என்று ஒரு கணம் தோன்றியது. வயிற்றுக்கடியில் முட்டை சூடாக இருந்தது.

"உன் கால் மட்டும்தான் அழகா? உன் சொந்தக்காரங்க காலெல்லாம் சுமார்தானோ?" என்றது ஆலா.

எலிக்கு ரோஷம் வந்துவிட்டது. "யார் சொன்னது? நாளைக்கே மொத்தக் குடும்பத்தையும் நடக்க வைக்கிறேன், பாரு!"

அது பனிக்குள் ஓடி மறைந்தது. ஆலா எழுந்து, முட்டையை மெல்லப் புரட்டிவிட்டு, மறுபடி உட்கார்ந்துகொண்டது.