கத்திரிக்கோல் அக்கா

“ஏன்டி, மீன் கடையெல்லாம் இழுத்து மூடிட்டாங்களா? பாறை பாறையா சுரண்டித் தின்னுட்டுத் திரியிறே!”

ஆரம்பித்தாயிற்று. அவள் நிமிரவில்லை. பாறையில் ஒட்டியிருந்த சிப்பியை இரும்புக் கரண்டியால் பெயர்த்துக் கூடையில் போட்டாள்.

கடலோர மாடியில் தையல் மெஷினோடு உட்கார்ந்திருப்பவளுக்குத் தெருவே வைத்த பேர், கத்திரிக்கோல் அக்கா. கையில் ஒன்று, வாயில் ஒன்று. உப்பைத் தவிரக் கடல் சாமான் எதையும் தொடமாட்டாள். ஆனால் அடுத்தவர் தின்பதைப் பற்றி நாலு வார்த்தை பேசாவிட்டால் அவளுக்குச் சோறு இறங்காது. அதுவும் இவள் மும்முரமாகப் பொறுக்கும் நேரம் பார்த்துத்தான் அந்த ஜன்னல் திறக்கும்.

வழக்கமாக முதல் வசவிலேயே இவள் சுருண்டு, நடையைக் கட்டிவிடுவாள். பதில் பேசத் தெரியாத பிறவி.

இன்றைக்கு முடியாது. கல்யாணத்துக்கு அப்புறம் முதல் தடவையாக அம்மா இந்த ஊருக்கு வருகிறாள். அம்மாவுக்குச் சிப்பி என்றால் உயிர். கூடை நிறையாமல் நகருவதில்லை என்று பல்லைக் கடித்துக்கொண்டாள்.

“மகாராணிக்குக் காது கேக்கலையா? பெத்த பிள்ளையைப் புருஷன்கிட்ட தள்ளிட்டு, உடுத்தினதை முழங்காலுக்குத் தூக்கிச் செருகிட்டு... நல்ல குடும்பம்!”

பேசட்டும். வாய் வலித்தால் தானே ஓயும்.

“புருஷன் சம்பாத்தியம் சோத்துக்கே பத்தலையாக்கும்!”

இன்னும் கொஞ்சம் பெயர்த்தாள். அலைச் சத்தத்தைவிட அக்கா சத்தம்தான் பெரிதாக இருந்தது.

“வளர்த்தவளைச் சொல்லணும்டி! உங்கம்மாவும் இப்படிக் கண்டதைப் பொறுக்கித் தின்னுதான் உன்னைப் பெத்தாளா?”

அவ்வளவுதான்.

அம்மாவையா? அதுவும் அம்மா வாசலில் வந்து நிற்கப்போகிற நாளிலா? பதில் பேசத் தெரியாதவள் கூடையும் கரண்டியுமாகப் பாறைகளைத் தாண்டி, படி ஏறி, மூச்சிரைக்க மாடி வாசலில் நின்றாள்.

“அக்கா! என்னை என்ன வேணா சொல்லுங்க. எங்கம்மாவை இழுத்தீங்க, நடக்குறதே வேற!”

கத்திரிக்கோல் அக்கா சண்டைக்கு எழவில்லை. மெஷின் மேலேயே சாய்ந்துவிட்டாள். நெற்றியெல்லாம் வேர்வை.

“வந்துட்டியா... உன்னை மேல ஏத்துறதுக்குள்ள எனக்கு உயிர் போயிடுச்சுடி. அங்க பாரு.”

ஜன்னல் வழியே பார்த்தாள். அவள் நின்றிருந்த பாறையைக் காணோம். அந்த இடத்தில் தண்ணீர் சுழித்துக்கொண்டிருந்தது.

கோபம் எங்கே போனது என்றே தெரியவில்லை.

“தண்ணி ஏறுதுன்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமேக்கா?”

“என் தங்கச்சிகிட்ட அப்படித்தான்டி சொன்னேன், மரியாதையா. ‘இன்னும் ஒரே ஒரு கைப்பிடி அக்கா’ன்னு சிரிச்சுக்கிட்டே நின்னா. அவ கூடை மட்டும்தான் கரைக்கு வந்துச்சு.”

அக்கா குனிந்து, அறுந்துபோன நூலை ஊசியில் கோத்தாள்.

“அதோட மரியாதையா பேசுறதை விட்டுட்டேன்.”