இரண்டு தாள்களில் ஒரு சொல்

அகதி விசாரணை அறையில் புகலிடம் கேட்டிருந்த குகதாசனின் முந்தைய வாக்குமூலங்களின் ஆங்கிலத் தாள்கள் இரண்டை அதிகாரி அருகருகே வைத்தார். மகனைப் பிடித்துப்போனவர்களிடம் அவனை விட்டுவிடும்படி குகதாசன் கேட்டது முதல் தாளில் ‘ஆஸ்க்’ என்று இருந்தது. வேறொரு மொழிபெயர்ப்பாளர் வந்த நாளின் தாளில் ‘பெக்’ என்று இருந்தது. சும்மா கேட்டாரா, கெஞ்சினாரா? வாக்குமூலம் மாறினால் விண்ணப்பத்தை நிராகரிக்க வேண்டிவரும் என்றார். இன்றைய மொழிபெயர்ப்பாளர் சாந்தரூபி அதைத் தமிழில் சொன்னாள்.

“ரெண்டு தரமும் கேட்டனான் எண்டுதானே பிள்ளை சொன்னனான்” என்றார் குகதாசன்.

அதிகாரி விடவில்லை.

“எப்பிடிக் கேட்டனீங்கள் எண்டு கேக்கிறார், ஐயா.”

அவர் நாற்காலியைத் தள்ளிவிட்டு முழங்காலிட்டார். மேசையின் காலை இரு கைகளாலும் கட்டிக்கொண்டு அதில் நெற்றியை வைத்தார். முகத்தில் ஒன்றுமே இல்லை.

“இப்பிடி.”

சாந்தரூபிக்கு இம்ப்ளோர், என்ட்ரீட், பிசீச் என்று, கெஞ்சுவதற்கு ஆங்கிலத்தில் பரீட்சைக்குப் படித்த சொற்களெல்லாம் நினைவுக்கு வந்தன. ஆனால் வாயால் சொன்னதை மட்டுமே மொழிபெயர்க்கலாம் என்பது விதி. ‘இப்படி’ என்று மட்டும் ஆங்கிலத்தில் சொன்னாள். அதிகாரி அதைத் தட்டச்சு செய்துவிட்டு, அவரை எழுந்து உட்காரச் சொன்னார்.

“எழும்பி இருக்கட்டாம், ஐயா.”

குகதாசன் எழுந்து முழங்காலைத் தட்டிவிட்டுக்கொண்டார்.

“அவருக்கு விளங்கிட்டுதாமோ, பிள்ளை?”