ஷெல்பி வீட்டுப் புல்

“இந்த வெயில்ல எதுக்குங்க உயிரை விடுறீங்க? சாயங்காலமா வெட்டிக்கலாமே!”

இரண்டு வீட்டுப் புல்தரையும் ஒன்றோடொன்று சேரும் இடத்தில் நின்றுகொண்டு லோரீன் குரல் கொடுத்தாள். பக்கத்து வீட்டு வாசலில் புல்வெட்டும் மெஷினோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்த மார்வா, புறங்கையால் நெற்றி வியர்வையைத் துடைத்துக்கொண்டாள்.

“சாயங்காலம் மழைன்னு சொல்றாங்க. இன்னிக்கு விட்டா அப்புறம் இதுல காலே வைக்க முடியாது.”

அதுவும் சரிதான். மே மாதம் முழுக்க அயோவாவில் மழை விட்டபாடில்லை. ஜூன் பிறந்ததுமே வெயில் கொளுத்த ஆரம்பித்துவிட்டது. குடித்த தண்ணீருக்கு வஞ்சனை இல்லாமல் புல் முழங்கால் உயரத்துக்கு எழும்பி நின்றது. தெருவில் மற்றவர்களெல்லாம் மழை விட்ட நேரம் பார்த்து வெட்டிக்கொண்டார்கள். ஷெல்பி குடியிருக்கும் இந்த வாடகை வீடு மட்டும் காடாகக் கிடந்தது. போதாததற்கு முட்செடி வேறு இடுப்பளவுக்கு வளர்ந்து பூத்திருந்தது.

வீட்டு ஓனர் போன வாரம் வந்து, திங்கட்கிழமைக்குள் எல்லாம் சுத்தமாகாவிட்டால் வீட்டைக் காலி பண்ண வேண்டியிருக்கும் என்று சத்தம் போட்டுவிட்டுப் போனது லோரீன் காதிலும் விழுந்தது.

லோரீன் இந்தத் தெருவுக்குக் குடிவந்தது மார்ச் மாதத்தில்தான். ஷெல்பியை அவள் சரியாகப் பார்த்ததுகூட இல்லை. ஒல்லியான பெண், இடுப்பில் கைக்குழந்தை. புருஷனைக் காணோம். பட்டாளத்தில் இருப்பான் என்று லோரீனே நினைத்துக்கொண்டாள். இந்த ஊரிலிருந்து பட்டாளத்துக்குப் போன பிள்ளைகள் நிறையப் பேர். ஆனால் மார்வாவை அடிக்கடி பார்த்திருக்கிறாள். ஏப்ரலில் கடைசியாகக் கொட்டிய பனியை இந்த வாசலிலிருந்து வாரிப் போட்டது அவள்தான். ஷெல்பியின் மாமியாராகத்தான் இருக்கும் என்று லோரீன் முடிவு கட்டியிருந்தாள். இன்றைக்கும் பழைய பிக்கப் வண்டியின் பின்னால் தன் மெஷினை ஏற்றிக்கொண்டு வந்திருந்தாள்.

அறுபது வயதைத் தாண்டியவள். இடது முழங்காலைத் தாங்கித் தாங்கித்தான் நடந்தாள். புல்லின் அடி இன்னும் ஈரமாக இருந்ததால் பத்தடி போவதற்குள் மெஷின் அடைத்துக்கொண்டு நின்றது. அதைச் சாய்த்து, குச்சியால் புல்லை நோண்டி எடுத்து, கயிற்றை இழுத்து மறுபடி கிளப்புவாள். பத்தடி போனதும் மறுபடி நிற்கும். கொசு வேறு மொய்த்தது. அவள் ஒரு தடவைகூட அலுத்துக்கொள்ளவில்லை.

பார்த்துக்கொண்டிருந்த லோரீனுக்கு மனசு கேட்கவில்லை. தன் வீட்டு மெஷினைத் தள்ளிக்கொண்டு வந்துவிட்டாள்.

“நான் பின்பக்கம் பார்த்துக்கறேன். நீங்க முன்பக்கத்தை முடிங்க.”

மார்வா வேண்டாமென்று எவ்வளவோ சொல்லிப் பார்த்தாள். லோரீன் காதில் போட்டுக்கொள்ளவே இல்லை.

கொஞ்ச நேரத்தில் வீட்டுக் கதவு ஒருக்களித்துத் திறந்தது. ஐஸ் போட்ட டீ ஒரு ஜாடி நிறைய, கூடவே இரண்டு கிளாஸ். படியில் அவற்றை வைத்த கை உள்ளே போனது. கதவு சாத்திக்கொண்டது.

லோரீனுக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. “நல்லா இருக்கே நியாயம்! கிழவிங்க ரெண்டு பேரு வெயில்ல காயறோம், மகாராணி உள்ள ஏசியில. வெளிய வந்து ஒரு வார்த்தை பேசினா என்ன குறைஞ்சா போயிடும்?”

“விடுங்க. கைக்குழந்தைக்காரி. இந்த வீட்டையும் விட்டா அது எங்க போகும்?”

“மருமகளுக்கு இவ்வளவு இடம் குடுக்கக் கூடாதுங்க.”

மார்வா குனிந்து கயிற்றை இழுத்தாள். மெஷின் சத்தத்தில் பேச்சு அதோடு நின்றுபோனது.

மதியத்துக்கு மேல் மேற்கே வானம் கறுத்தது. காற்று அசையவில்லை. இருவரும் வேகமாக வேலையை ஓட்டினார்கள். முட்செடிகளை மார்வா ஒவ்வொன்றாக வேரோடு பிடுங்கிப் போட, வெட்டிய புல்லை லோரீன் வாரிக் குவித்தாள். கடைசிக் குவியலைப் பையில் அமுக்கும்போது முதல் சொட்டு விழுந்தது. மெஷின்களை இழுத்துக்கொண்டு லோரீன் வீட்டு கார் ஷெட்டுக்குள் ஓடினார்கள்.

மடக்கு நாற்காலிகளைப் போட்டுக்கொண்டு வெளியே பார்த்தார்கள். வெட்டிய புல்லின் வாசனையோடு மழை சாய்த்து அடித்தது. காலையில் காடாகக் கிடந்த இடமா இது என்று இருந்தது. இனி ஓனர் வந்தாலும் வாயைத் திறக்க முடியாது.

மார்வா முழங்காலை நீவி விட்டுக்கொண்டிருந்தாள். அவளைப் பார்க்கப் பார்க்க லோரீனுக்கு நெஞ்சு நிறைந்தது.

“என் மாமியார் எனக்காக ஒரு துரும்பைக் கிள்ளிப் போட்டதில்ல. உங்கள மாதிரி ஒருத்தர நான் பார்த்ததே இல்லங்க. உங்க பையன் குடுத்துவெச்சவன். பட்டாளத்துலேர்ந்து எப்ப வர்றான்?”

மார்வா நீவிக்கொண்டிருந்த காலை நீட்டி வைத்துக்கொண்டாள்.

“அவன் என் பையன் இல்ல. பட்டாளத்துலயும் இல்ல, ஜெயில்ல இருக்கான்.”

லோரீன் திகைத்துப் போனாள். “அப்போ அந்தப் பொண்ணு உங்களுக்கு என்ன வேணும்?”

“ஒரு உறவும் இல்ல” என்றாள் மார்வா, மெதுவாக. “பாவம், என் முகத்தைப் பார்க்க முடியாமத்தான் அது வெளிய வர மாட்டேங்குது. அவ புருஷன் குடிச்சிட்டு ஓட்டின கார்ல அடிபட்டுச் செத்தது என் புருஷன்.”