வலது கை

அறிவியல் படிக்காத பட்டதாரிகளை மருத்துவப் படிப்புக்குத் தயார்செய்யும் ஓராண்டு வகுப்புக்கான நேர்காணல் அது. என் விண்ணப்பத்தில் ‘ஓவியம்’ என்றிருந்ததைப் பார்த்ததும் டாக்டர் நல்லபெருமாளுக்கு முகம் கோணியது.

“படம் வரையிறவளுக்கு இங்க என்னம்மா வேலை? முதல்ல போய் அவருக்குக் கை குடு” என்று மூலையில் தொங்கிய எலும்புக்கூட்டைக் காட்டினார். பக்கத்திலிருந்த இருவரும் சிரித்தார்கள்.

எழுந்துபோய் அதன் வலது கையைப் பற்றிக் குலுக்கினேன். நாலு வருடம் கைகளாகவே வரைந்தவள் நான். அதன் கட்டைவிரல் என் சுண்டுவிரல் பக்கம் வந்து இடித்தது.

“சார், வலது மணிக்கட்டுல இடது கையை மாட்டி வச்சிருக்கீங்க.”

“பதினெட்டு வருசமா இதை வச்சுத்தான் பாடம் நடத்துறேன். வெளிய போ!”

நான் அந்தக் கையை விடவில்லை. என் பெயரை அடிப்பதற்காகப் பேனாவை எடுக்கப்போன அவருடைய கை பாதியில் நின்றது. அது தன் வலது கையா, இடது கையா என்று குனிந்து பார்த்தார்.